எடை இறங்கிய பிறகு

கல்லில் ஏறினால் ஒரு டொக்.
பள்ளத்தில் இறங்கினால் இரண்டு.
அத்-பாஷி ஊரிலிருந்து மேய்ச்சல் மேடு வரை
நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்
இப்படிப் பேசிக்கொண்டேதான் வரும் என் நீவா.
என்னைவிட நான்கு வயது இளையது.

எதிரே வரும் லாரிக்காரனுக்கு அந்தச் சத்தம் தெரியும்.
ஆடுகளுக்கு அவனுக்கும் முன்பே தெரியும்:
ஊசிக்காரி வருகிறாள்.
ஒரு மேட்டுக்கு அப்பால் நான் இருக்கும்போதே
மந்தை கலைந்து ஆற்றுப் பக்கம் ஓடியிருக்கும்.
ஒரொஸாலி குதிரையில் ஏறியபடியே
என்னைத் திட்ட ஆரம்பித்திருப்பான்.

அக்டோபர், ஞாயிறு.
பிஷ்கெக்கிலிருந்து வேன் டிரைவர் கொண்டுவந்தது,
மிட்டாய்ப் பெட்டியில் பத்து ரப்பர் புஷ்.
பின் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ஐந்து தண்டுகள்,
தண்டுக்கு இரண்டு.
முற்றத்தில் ஜாக்கி.
ஜாக்கி மேல் நம்பிக்கை இல்லாததால்
சேஸிஸுக்கு அடியில் இரண்டு பாப்ளர் கட்டை.
கிழிந்த கம்பளத்தில் மல்லாந்து படுத்தேன்.
சிக்கிய கன்றை இழுக்கவும் தரையில்தான் படுப்பேன்,
தோள்வரை கைவிட்டு,
கண்ணுக்குத் தெரியாததைத் தடவித் தடவி.

விளக்குப் பிடித்தது எஷிம்.
விளக்குப் பிடிப்பவர்கள்
தாங்கள் பார்க்க விரும்பும் இடத்தில்தான்
எப்போதும் பிடிக்கிறார்கள்.

ஏழு போல்ட்
முந்தின நாள் ஊற்றிய மண்ணெண்ணெய்க்கு
மரியாதை கொடுத்தன.
இரண்டு, கெட்ட வார்த்தைக்கு.
ஒன்று எதற்கும் மசியவில்லை.
குழாயைத் துரு
கல்யாணமே செய்துகொண்டிருந்தது.
மூன்று பிளேடு, ஒன்றே கால் மணி நேரம்.
சினைப்பசுவின் முறிந்த கொம்பை அறுத்த அதே கை,
அப்போது நான் இவ்வளவு திட்டவில்லை.

வெளியே வந்த புஷ்ஷை
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்:
முட்டை வடிவம்.
வட்டமாகத்தான் பிறந்திருக்கும்.

சோப்புத் தண்ணீர் தடவி
வைஸில் வைத்து நெருக்க நெருக்க
புதியவை உள்ளே போயின, முனகிக்கொண்டு.
இருட்டியது. உள்ளே சூப் கொதித்து வற்றியது.
“எல்லாம் மாட்டியாச்சே, இறுக்கிவிடலாமா?”
வேண்டாம் எஷிம்.
சக்கரம் தொங்கும்போது இறுக்கினால்
ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும்,
ஒரே குளிர்காலத்தில் கிழியும்.
முதலில் கட்டையை எடு.
வண்டி தரையில் நிற்கட்டும்.
எடை இறங்கிய பிறகு இறுக்கலாம்.

அவன் குளிரில் கால் மாற்றி மாற்றி நின்றான்.
ஜாக்கியை விட்டேன்.
நீவா மெல்ல உட்கார்ந்தது,
கூட்டத்துக்குத் தாமதமாக வந்தவர்
நாற்காலியில் உட்காருவதைப் போல.
மறுபடி அடியில் நுழைந்தேன்,
இந்தமுறை இடமில்லாமல்,
மூக்கில் சேறு உரச.
பத்தையும் இறுக்கினேன்.

திங்கட்கிழமை
ஒரொஸாலி கூடாரத்திலிருந்து வெளியே வந்தான்,
பாதி முகத்தில் சவர நுரை.
“டாக்டர், வண்டி எங்கே?”
இதோ.
“பொய். நடந்து வந்தீர்களா?”
ஆடுகள் அசைபோட்டுக்கொண்டு நின்றன.
நடுவில் போய் நின்றேன்.
ஒரு கிழட்டுக் கிடா என்னைப் பார்த்தது,
பையைப் பார்த்தது,
மறுபடி என்னைப் பார்த்தது.
ஒன்றும் கூடி வரவில்லை அதற்கு.
முப்பத்தொன்பது ஊசி போட்ட பிறகுதான்
செய்தி பரவியது.

திரும்பும் வழி.
ஆடு பிடிக்க வந்த எஷிம் பக்கத்தில்.
இத்தனை நாள் டொக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்த
பின்கதவுக் கிறீச்.
டாஷ்போர்டில் உருளும் ஏதோ ஒரு திருகு.
பிறகு, மிகத் தாழ்வாக, ஒரு குரல்:
“மெல்ல.”

என்ன?
“ஒன்றுமில்லை.
ஒவ்வொரு கல்லுக்கும் சொல்வதுதான்.”
எப்போதிலிருந்து?
“ஆறு வருஷம் இருக்கும்.”

அடுத்த கல் வந்தது.
பிரேக்கைத் தொட்டேன்,
கொஞ்சம்.